தலையில் அடிபட்ட நாய், பூனைக்கு முதலுதவி: முதல் சில மணி நேரம் ஏன் முக்கியம்?

கேள்வி இது: வீட்டுப் பூனை உயரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. சில நொடி அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாமா? நாயாக இருந்தால் வேறு மாதிரியா?

கொண்டுபோக வேண்டும். இன்றைக்கே, இப்போதே. நினைவு தப்பியது சில நொடிதான் என்றாலும் மூளை பலமாகக் குலுங்கியிருக்கிறது என்று பொருள். அது எழுந்து நடப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தலைக்காயத்தில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடிபட்டது, எழுந்தது, நடந்தது, சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். நாலைந்து மணி நேரம் கழித்து எழுப்பினால் எழுவதில்லை. நாய்க்கும் பூனைக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

காரணத்தைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியவை தாமாக நினைவில் நிற்கும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளைக்குச் சேதம் இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம் அடி விழுந்த நொடியில் நடப்பது: எலும்பு உடைவது, ரத்தக்குழாய் கிழிவது, மூளைத் திசு நசுங்குவது. அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. இரண்டாவது கட்டம் அதற்குப் பிறகு, சில நிமிடத்திலிருந்து சில நாள் வரைக்கும் மெல்ல மெல்ல வருவது. அடிபட்ட இடம் வீங்குகிறது, உள்ளே ரத்தம் கசிகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, வலிப்பு வருகிறது. இவை ஒவ்வொன்றும் தப்பிப் பிழைத்த மூளைத் திசுவையும் சேர்த்துச் சாகடிக்கும். முதலுதவி என்பது முழுக்க முழுக்க இந்த இரண்டாவது கட்டத்தைத் தடுப்பதற்கான வேலை.

மண்டை ஓடு விரியாத எலும்புப் பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் என்ற மூன்றும் இடமே இல்லாமல் நிறைந்திருக்கின்றன. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும். அலெக்சாண்டர் மன்றோ என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1783-ல் மனித உடலை வைத்துச் சொன்ன கருத்து இது. நாய், பூனைக்கும் அப்படியே பொருந்துகிறது. வீக்கம் கொஞ்சம் இருக்கும்போது நீரும் ரத்தமும் விலகி இடம் கொடுக்கும். விலகுவதற்கு எதுவும் மிச்சமில்லாத கட்டம் வந்ததும் அழுத்தம் திடீரென்று ஏறும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். கடைசியில் மூளையே கீழே தண்டுவடம் இறங்கும் துளை வழியாகப் பிதுங்க ஆரம்பிக்கும். மூச்சை இயக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. நன்றாக இருந்தது, திடீரென்று போய்விட்டது என்று வீட்டார் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

இனி செய்ய வேண்டியவை. முதலில் உங்கள் கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு சாதுவான பிராணியும் வலியிலும் குழப்பத்திலும் கடிக்கும். மயக்கம் தெளியும் நேரத்தில் தன்னை வளர்த்தவரையே அடையாளம் தெரியாமல் கவ்வும். முகத்துக்கு அருகே குனிந்து கொஞ்ச வேண்டாம். பக்கவாட்டில் நெருங்கி, மெதுவான குரலில் பேசி, பூனையாக இருந்தால் உடலின் மேல் பெரிய துண்டு ஒன்றைப் போர்த்தி அப்படியே அள்ளுங்கள், மூக்கும் வாயும் வெளியே தெரிய வேண்டும். நாயின் வாயைக் கட்டலாம் என்று சில முதலுதவிக் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். தலைக்காயத்தில் நான் அதைப் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். மூக்கில் ரத்தம் வருகிற, வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற, நினைவு மங்கிய நாயின் வாயைக் கட்டினால் அதற்கு மூச்சு விட வழியே இருக்காது. பக் போன்ற தட்டை முக நாய்களுக்குக் கட்டவே கூடாது.

அடுத்து மூச்சு. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். நினைவே இல்லாமல் கிடந்தால் மட்டும் வாயைத் திறந்து, துணியால் நாக்கைப் பிடித்து முன்னால் இழுத்து, உள்ளே இருக்கும் ரத்தத்தையோ வாந்தியையோ துடைத்து எடுங்கள். நினைவு கொஞ்சம் இருந்தாலும் வாய்க்குள் விரல் விடாதீர்கள். கழுத்து மடங்காமல் உடலின் நேர்க்கோட்டில் இருக்கட்டும். ஈறு வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தால் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க நேரமில்லை. ஆரோக்கியமான ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பும். அதற்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் தடுமாறுகிறது. உடலில் வேறெங்காவது ரத்தப்போக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரத்த அழுத்தம் விழுவது அடிபட்ட மூளையைப் போல வேறு எந்த உறுப்பையும் இவ்வளவு சீக்கிரம் பாதிப்பதில்லை.

கூப்பிட்டாலும் தொட்டாலும் அசைவே இல்லை, மூச்சும் இல்லை என்றால் இதய அழுத்தம் கொடுக்கத் தொடங்குங்கள். நாடி இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்கென்று 2012-ல் வெளியாகி 2024-ல் புதுப்பிக்கப்பட்ட ரிகவர் வழிகாட்டியின்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உள்ளே போகும்படி அழுத்தி, ஒவ்வொரு முறையும் முழுதாக விட வேண்டும். தனியாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல்: வாயை மூடிப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாக ஊதுங்கள். பூனைக்கும் சின்ன நாய்க்கும் ஒரே கையால் மார்பைச் சுற்றிப் பிடித்து அழுத்தினால் போதும்.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். கழுத்துப் பட்டையை உடனே கழற்றுங்கள், அல்லது அறுத்து எடுத்துவிடுங்கள். மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வருவது கழுத்தின் இரண்டு பக்கச் சிரைகள் வழியாகத்தான். பட்டை, சங்கிலி, இறுக்கிச் சுற்றிய துண்டு, அணைத்துப் பிடித்த கை, எதுவாக இருந்தாலும் அந்தச் சிரைகளை அமுக்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். தலையில் அடிபட்ட பிராணியை ஒருபோதும் பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழுத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பதை மருத்துவர்களே இந்த நிலையில் தவிர்த்துக் காலிலிருந்து எடுப்பது இதனால்தான்.

தலைக்கு அடி என்றால் கழுத்தெலும்புக்கும் அடி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே தூக்க வேண்டும். அகலமான பலகை, மேசை மேல்தட்டு, தடித்த அட்டை, எது கிடைக்கிறதோ அதைப் பக்கத்தில் வைத்து, தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் நகரும்படி மெதுவாக இழுத்து ஏற்றுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது. உருளாமல் இருக்கத் தோளின் மேலும் இடுப்பின் மேலும் துணியால் லேசாகக் கட்டலாம். கழுத்தின் மேல் கட்டு வரக் கூடாது. திமிறினால் கட்டை விட்டுவிடுங்கள். போராடித் திமிறும் நாய்க்கு மூளை அழுத்தம் ஏறுவது கட்டினால் வரும் நன்மையைவிடப் பெரிய கேடு.

தலைப்பக்கம் 15 முதல் 30 டிகிரி உயர்ந்திருந்தால் மூளையிலிருந்து ரத்தம் எளிதாக வடியும். தலைக்கடியில் தலையணை வைப்பது வேறு, இது வேறு. தலையணை வைத்தால் கழுத்து மடங்கி, சிரையும் மூச்சுக்குழாயும் சேர்ந்து அமுங்கும். பலகையையே சாய்க்க வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பலகை என்றால் தலைப்பக்கத்துக்கு அடியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏதாவது வைத்தால் கணக்குச் சரியாக வரும். இன்னும் உயர்த்தினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் மூளைக்கு ஏறும் ரத்தமே குறைந்துவிடும்.

தலையில் வெட்டுக்காயம் இருந்தால் சுத்தமான துணியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். அடியில் எலும்பு அமுங்குவது போலவோ, நொறுங்கிய சத்தம் கேட்பது போலவோ தெரிந்தால் அழுத்தாமல் துணியை வெறுமனே போர்த்தி விடுங்கள். குத்தி நிற்கும் எதையும் பிடுங்காதீர்கள். காதிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால் பஞ்சை அடைக்கக் கூடாது, தலையை அண்ணாத்தி வைக்கவும் கூடாது. தெளிந்த நீர் சொட்டினால் அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரிய நாய் சின்ன நாயின் தலையைக் கவ்விய காயத்தில் தோலில் ஒன்றிரண்டு பொட்டு ஓட்டைதான் தெரியும், பல் மண்டை எலும்பைத் துளைத்து உள்ளே போயிருக்கும். வெளிக்காயத்தின் அளவை நம்பவே கூடாத இடம் இது.

கண் வெளியே பிதுங்கி வந்துவிட்டால் பார்க்கவே பதறும். தட்டை முக இனங்களில் சின்ன இழுப்புக்கே இப்படி ஆகும். பூனையிலும் நீள முக நாய்களிலும் கண் வெளியே வர மிகப் பெரிய விசை வேண்டும், ஆகவே அங்கே கண்ணைவிட மூளையைப் பற்றித்தான் முதல் கவலை. உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைன் நனைத்த மென்துணியால் மூடி, காயாமல் மீண்டும் மீண்டும் நனைத்துக்கொண்டே போங்கள். கால் நகத்தால் அது தன் கண்ணைப் பிறாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் பிடித்து அமுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். நாய் தன் நாக்கை விழுங்குவதில்லை. உங்கள் விரல்தான் போகும். இடிக்கிற பொருள்களை விலக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ உயிருக்கு ஆபத்து. வலிப்பின்போது மூளை ஆக்சிஜனைக் கட்டுக்கடங்காமல் செலவழிக்கிறது, அடிபட்ட மூளையிடம் அவ்வளவு கையிருப்பு இல்லை.

மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, அதனால் ரத்த அணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கின்றன. மூளைக்கு ஆக்சிஜன் தேவைப்படும் அதே நேரத்தில் இது நடக்கும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுத்து உட்கசிவைக் கூட்டும். தூக்க மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்தால் நினைவு மங்குவது காயத்தாலா மருந்தாலா என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற உங்கள் தவிப்பு நியாயமானது, வலியே மூளை அழுத்தத்தைக் கூட்டும் என்பதும் உண்மை. அதற்குப் பாதுகாப்பான ஊசி மருத்துவரிடம் இருக்கிறது.

வீக்கம் குறைய ஸ்டீராய்டு போடுங்கள் என்று யாராவது சொல்லலாம். முன்பு அந்த வழக்கம் இருந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமான மனித நோயாளிகளை வைத்து நடந்த கிராஷ் என்ற ஆய்வு, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இறப்பு கூடியதைக் காட்டியது. அதன் முழு முடிவு 2005-ல் வெளிவந்தது. கால்நடை மருத்துவத்திலும் இன்று தலைக்காயத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

தண்ணீர், பால், சோறு எதுவும் வேண்டாம். விழுங்கும் திறன் குழம்பியிருக்கும், நுரையீரலுக்குள் போய்விடும். சூடு ஒத்தடம், சூட்டுப் பை வைக்காதீர்கள்: மூளையின் வெப்பம் கூடக்கூட அதன் ஆக்சிஜன் தேவையும் கூடும். நாய், பூனையின் இயல்பு வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். குளிரால் நடுங்காமல் இருக்க மெல்லிய போர்வை போதும். ஐஸ் தண்ணீரில் நனைப்பதும் தவறுதான்.

போகும் வழியில் மருத்துவமனையை அழைத்து, தலைக்காயம், இத்தனை நிமிடத்தில் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆக்சிஜனைத் தயாராக வைத்திருக்க அது உதவும். ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். கவனிப்பவர் பார்க்க வேண்டியது முக்கியமாக நான்கு. கூப்பிட்டால் திரும்புகிறதா, கிள்ளினால் மட்டும் அசைகிறதா, கிள்ளினாலும் அசையவில்லையா? இரண்டு கண்மணிகளும் ஒரே அளவா, போன் விளக்கை ஒரு கணம் காட்டினால் சுருங்குகிறதா? மூச்சு ஒரே சீரா, ஏறி இறங்கி இடையில் நின்று போகிறதா? நாலு காலும் அசைகிறதா, விறைத்து நீண்டு கிடக்கிறதா? நேரத்தோடு எழுதி வைத்தாலும், போனில் வீடியோ எடுத்தாலும் அது விலைமதிப்பில்லாத தகவல். இப்போது இருக்கும் நிலையைவிட, அரை மணிக்கு முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம்தான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும் கண்மணி மிகக் கெட்ட அறிகுறி.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நினைவு மங்கிக் கிடக்கும் பிராணியின் இதயத் துடிப்பு மெதுவாகிவிட்டால் அமைதியடைந்துவிட்டது என்று ஆறுதல்படக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் எல்லை மீறும்போது மூளைக்கு ரத்தத்தை எப்படியாவது ஏற்ற உடல் ரத்த அழுத்தத்தை உயர்த்தும், அதற்கு எதிர்வினையாக இதயம் மந்தமாகும். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1901-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விளக்கியதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். வலியிலும் பயத்திலும் இருக்கும் நாயின் இதயம் வேகமாகத்தான் துடிக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனதும் அவர்கள் தலையை விட்டுவிட்டு மார்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பதைக் கண்டு கோபப்படாதீர்கள். வரிசை அதுதான். ஆக்சிஜன், ட்ரிப்ஸ், வலி ஊசி முதலில். பிறகு தேவைப்பட்டால் மேனிட்டால் அல்லது அடர்த்தியான உப்புக் கரைசல். இரண்டும் மூளையின் வீக்க நீரை ரத்தத்துக்குள் இழுத்து அழுத்தத்தைக் குறைக்கும். அசைவு, மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்கள், நினைவு என்ற மூன்றுக்கும் தலா 1 முதல் 6 வரை மதிப்பெண் போட்டு, 3 முதல் 18 வரையான ஒரு கூட்டெண்ணைச் சொல்வார்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். எக்ஸ்-ரேயில் மூளை தெரியாது. சிடி அல்லது எம்ஆர்ஐ பிராணியின் நிலை தேறிய பிறகுதான், ஏனென்றால் அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும்.

உங்கள் பூனைக்குத் தனியாக ஒன்று. உயரத்திலிருந்து விழும் பூனைகளுக்குத் தலையோடு சேர்ந்து தாடை பிளவு, மேலண்ணப் பிளவு, நுரையீரல் காயம் ஆகியவை வருவது வழக்கம். வாயை மூடாமல் எச்சில் வடித்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ கூடையில் வைத்தபடியே தூக்கிப் போங்கள், மார்பை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வளர்ப்புப் பறவை கண்ணாடியிலோ சுவரிலோ மோதியிருந்தால் காற்றோட்டமுள்ள இருட்டான அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, குச்சி எதுவும் வைக்காமல், தொடாமல் விட்டுக் கொண்டுபோக வேண்டும்.

எப்படி அடிபட்டது என்று யாரும் பார்க்காத, உங்களுக்குப் பழக்கமில்லாத நாய் தள்ளாடி, எச்சில் வடித்து, தாடை தொங்கி நின்றால் அதைத் தலைக்காயம் என்று மட்டும் நினைத்துக் கிட்டே போகாதீர்கள். வெறிநோயிலும் இதே தோற்றம் வரும். கடியோ எச்சில் பட்ட கீறலோ ஏற்பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தடுப்பூசிக்கு உடனே போக வேண்டும்.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரம் முக்கியம். தூங்கவே விடக் கூடாது என்ற பேச்சு பலரிடம் இருக்கிறது. தூங்கட்டும், அதற்கு ஓய்வு வேண்டும். மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பிப் பார்த்து, வழக்கம் போல விழித்து உங்களை அடையாளம் கண்டுகொண்டால் மறுபடி தூங்க விடுங்கள். எழுப்ப வரவரக் கஷ்டமாகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரே பக்கமாகச் சுற்றுவது, தலை ஒரு பக்கம் சாய்வது, சுவரில் நெற்றியை அழுத்தி நிற்பது, கண் தெரியாதது போல முட்டிக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே திரும்பிப் போக வேண்டும். படிக்கட்டு, குதியாட்டம், மற்ற பிராணிகளோடு மல்லுக்கட்டுதல் எதுவும் கூடாது. நாயை வெளியே கொண்டுபோக மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்; கழுத்துப் பட்டை இன்னும் சில வாரத்துக்கு வேண்டாம்.

முதல் நாளின் கோலத்தைப் பார்த்து நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன். மூளையில் கணிசமான பகுதியை இழந்த நாயும் பூனையும் நல்ல கவனிப்பு கிடைத்தால் வாரங்களில், மாதங்களில் வியக்கும்படி தேறுகின்றன. பார்வை திரும்பும், நடை திரும்பும், சாப்பாட்டுத் தட்டைத் தேடி வரும். லேசான தலைச் சாய்வோ, கொஞ்சம் மாறிய சுபாவமோ தங்கிவிடலாம், அதோடு நெடுநாள் வாழ முடியும். காயம் ஆறி மாதங்கள் கழித்தும் சில பிராணிகளுக்கு வலிப்பு வருவதுண்டு. அதனால் இந்த விழுந்த தேதியை அதன் தடுப்பூசிப் புத்தகத்திலேயே எழுதி வைத்து, பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.